கொளுக்கி

முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே
என் இடது கை நின்றுவிட்டது.
நின்ற இடத்தில் ஐந்து சிறு முளைகள்.
நகமில்லை, எலும்பில்லை,
மிளகளவு.

அவை வளரும் என்று
ஏழு வயதுவரை நம்பியிருந்தேன்.
விதைப்புக் காலத்தில் வரம்பில் குந்தியிருந்து
வாய்க்காலுக்குள் அமிழ்த்தி வைப்பேன்.
பக்கத்தில் நெல்
பத்தாம் நாள் பச்சை காட்டியது.
நான் ஒரு போகம் முழுக்கப் பார்த்தேன்.
பிறகு அடுத்த போகமும்.
யாரிடமும் சொல்லவில்லை.

இறால் உரிப்பது பல்லால்.
போத்தல் மூடி திறப்பது
முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி.
எழுதும்போது கொப்பி நகராமல் முளைகள் பிடிக்கும்,
அதற்கு அவை போதும்.
சைக்கிளின் இரண்டு பிறேக்கையும்
வலப்பக்கத்துக்கே மாற்றித் தந்தான் தம்பி ருகேசன்,
நான் இரண்டு முறை வேலிக்குள் விழுந்த பிறகு.
இரட்டைப் பின்னல் மட்டும் வரவே இல்லை.
அம்மா வெட்டுக்கூலிக்கு விடியப் போகும் நாள்களில்
ஒற்றையாய் முடிந்துகொண்டு போய்
பள்ளிக்கூட வாசலில்
மாணவத் தலைவியிடம் பேர் கொடுப்பேன்.

பரிசளிப்பு விழாவில் எல்லோரும் கைதட்ட
நான் தொடையில் தட்டுவேன்.
அந்தச் சத்தம் வேறு.
முன்வரிசை ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

பதின்மூன்றாம் வயதில் படிவம் வந்தது.
இழந்த காரணம்:
ஷெல், மிதிவெடி, வாகன விபத்து, நோய்.
ஓரத்தில் யாரோ பேனையால்
முதலை என்று சேர்த்திருந்தார்கள்.
இழக்கவில்லை, என்றேன்.
எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து
என் சட்டைக் கையைப் பார்த்தார்.
பிறகு ‘வேறு’ என்ற கட்டத்தில்
ஒரு புள்ளடி போட்டார்.

அந்தப் புள்ளடியோடு
ஒன்றரை வருஷம் காத்திருந்தேன்.
கணக்குக் கொப்பியின் கடைசி ஒற்றையில்
வரப்போகும் கைக்கு வேலை எழுதினேன்:
பின்னல். ஊசியில் நூல்.
வாளியும் குடமும் ஒரே நடையில்.
கோயிலில் முழுக் கும்பிடு.
இடையில் நான் வளர்ந்துவிட்டேன்;
முதல் எடுத்த அளவு பிழைத்தது.
மறுபடி போனோம்.

மட்டக்களப்பில், ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால்
மாவும் தோலும் மணக்கும் அறை.
ஈரச் சாந்து காயக் காயச் சூடேறி
முளைகளை இறுக்கிப் பிடித்தது,
முதல்முறையாக யாரோ
அவற்றுக்குக் கை கொடுத்ததுபோல.
ஏறாவூர் மஹ்ரூப் மேசையில் இரண்டை வைத்தார்.

ஒன்று கை.
ஐந்து விரல், நகம்,
நகத்தடியில் வெள்ளைப் பிறைகூட இருந்தது.
எதையும் பிடிக்காது.
மற்றது கொளுக்கி.
தோளை அசைத்தால் திறக்கும்,
விட்டால் கவ்வும்.

அம்மா முதலாவதைத் தொட்டாள்,
தூங்கும் பிள்ளையைத் தொடுவதுபோல.
“என்ன வடிவு கா” என்றாள்.
நான் கொளுக்கி என்றேன்.
மஹ்ரூப் அம்மாவைப் பார்த்தார்.
அம்மா சுவரைப் பார்த்தாள்.
“ஒண்டுதான் தரலாம் தங்கச்சி.
யோசிச்சுப் போட்டு
வாற செவ்வாக்கிழமை சொல்லுங்க.”

குருமண்வெளியில் பாதை ஏறும்வரை
அவள் வாய் திறக்கவில்லை.
மோட்டார் சைக்கிள்கள், மீன் பெட்டி,
ஒரு கட்டு வாழையிலை, நாங்கள்.
நடு வாவியில் கேட்டாள்:
“கலியாணத்தில காப்ப எங்க புள்ள போடுற?”
“கொளுக்கியில கொழுவலாம். கழராது.”

சிரித்துவிட்டாள்.
சிரித்தபடியே முகத்தைத் திருப்பி
நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தாள்.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டு
இடது கையைக் கம்பியில் வைத்திருந்தேன்.
எஞ்சினின் அதிர்வு
ஐந்து முளைகளுக்கும் தனித்தனியாகத் தெரிந்தது.
கொளுக்கிக்கு இது தெரியாது.
அதை நான் யோசித்திருக்கவில்லை.

மண்டூர்க் கரை கிட்டிவிட்டது.
செவ்வாய்க்கு இன்னும் ஆறு நாள்.