நன்றிக் கடிதம், நான்காம் வரைவு

அன்புள்ள திருமதி ஹேவர்காம்ப்,

இருநூறு சொற்களுக்கு மிகாமல்
வெள்ளிக்கிழமைக்குள்
உங்களுக்கு நன்றி எழுதவேண்டுமாம்.
உதவித்தொகை அலுவலகம் சொல்கிறது.
முதல் மூன்று கடிதங்களும் நன்றாகத்தான் இருந்தன.
மண்ணியல் ஆய்வகம், புதிய நண்பர்கள்,
எங்கள் குடும்பத்தில் கல்லூரி பார்த்த முதல் ஆள் நான் என்பது,
எல்லாம் உண்மை.
கிழித்துவிட்டேன்.

உங்கள் விண்ணப்பத்தின் ஏழாம் கேள்வி:
வேளாண்மையில் முன்அனுபவம், எத்தனை ஆண்டு?
கண்காட்சிக்குப் பன்றி வளர்த்ததை எழுதலாம்,
சொந்தப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியதை எழுதலாம் என்று
சின்ன எழுத்தில் உதாரணமும் தந்திருந்தீர்கள்.
பூஜ்யம் என்று போட்டேன்.
வட்டம் கோணலாக வந்தது.
அழித்து இன்னொரு முறை போட்டேன்.

வசந்தகால விருந்து நினைவிருக்கிறதா?
உங்கள் பக்கத்து நாற்காலி எனக்கு.
உங்கள் கணவர் சொட்டுநீர்க் குழாய் விற்ற கதையை
இரண்டு முறை சொன்னீர்கள்.
இரண்டாம் முறை அவர் கொஞ்சம் உயரமாகியிருந்தார்.
என் பெயரைச் சொல்ல முயன்றீர்கள்:
இத்தாந்தேவி.
மூன்றாவது தடவை சரியாக வந்தது.
பதிவாளர் அலுவலகத்துக்கு இன்னும் வரவில்லை.
அதற்கு நன்றி. இதை எந்த வரைவிலும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அப்புறம் தட்டில் ஸ்ட்ராபெரி வந்தது.
ஒன்றை எடுத்துத் திருப்பினேன்.
தோளில் கட்டைவிரல் அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.
"இதைப் பறித்த ஆள் வேலைக்குப் புதிது,
பழத்தைப் பிடித்து இழுத்திருக்கிறார்,
காம்பைத்தான் நகத்தால் கிள்ளவேண்டும்"
என்று வாய் சொல்லிவிட்டது.
எப்படித் தெரியும் என்றீர்கள்.
முள்கரண்டிகள் நின்றன.
படித்தேன் என்றேன்.

படிக்கவில்லை, திருமதி ஹேவர்காம்ப்.
சாண்டா மரியாவில், ஒன்பது வயதில்,
மற்றவர்கள் கோடை விடுமுறை என்று அழைக்கும் மாதங்களில்,
நான் நிரப்பிய பெட்டி
அம்மாவின் அட்டையில் துளையாக விழும்.
கண்காணிப்பாளரின் வண்டி வந்தால்
கழிப்பறை வண்டிக்குப் பின்னால் போய்
இல்லாமல் இருப்பேன்.
ஆகவே பூஜ்யம் முழுப்பொய்யும் இல்லை.
உண்மையை எழுதினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று
எனக்குத் தெரியாது.

போன வாரம் பயிர்ப் பாதுகாப்பு வகுப்பில்
மருந்து டப்பாவின் சீட்டைப் பிரித்து வாசித்தோம்.
தெளித்தபின் நாற்பத்தெட்டு மணி நேரம்
ஆள் நுழையக்கூடாது.
பக்கத்து இருக்கை பிரென்ட் அடிக்கோடு போட்டான்,
தேர்வில் வரும்.
நான் விரல்விட்டு எண்ணினேன்.
பாத்தியோரம் மண்டையோடு வரைந்த பலகை,
அதில் ஆங்கிலம், ஸ்பானிஷ்;
அம்மாவுக்கு மிஸ்தெக் மட்டும்தான்.
மாலை ஆறுக்கு நட்டார்கள்.
காலை ஆறுக்குப் பிடுங்கி வண்டியில் போட்டார்கள்.
பன்னிரண்டு.
அன்று பாத்தி முனையில் விளையாடிய தம்பிக்கு
மூக்கில் ரத்தம் நிற்கவில்லை.
வெயில் என்றோம்.

குறை சொல்ல இதை எழுதவில்லை.
உங்கள் பணத்தில் புத்தகம் வாங்கினேன்,
ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினேன்,
முதல்முறையாக என் கால் அளவில்.
வரும் கோடையில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது.
அதே பள்ளத்தாக்கு. வெள்ளை வண்டி.
பலகையை நட்ட நேரம், எடுத்த நேரம்
குறித்துவைப்பது என் வேலை.
கையெழுத்துக்கு ஒரு கட்டம் உண்டாம்.

இருநூறு சொல் எப்போதோ தாண்டிவிட்டது.
அடுத்த ஆண்டுக்கான படிவமும் மேசையில் கிடக்கிறது,
ஏழாம் கேள்வி மாறவில்லை.
நேற்றிரவு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
வெகுநேரம் பேச்சில்லை,
பின்னால் வானொலி மட்டும் ஓடியது.
"எத்தனை வருஷம் என்று கேட்கிறார்களா,
யார் வயல் என்று கேட்கிறார்களா?"
வருஷம் மட்டும், என்றேன்.
"அப்படியானால் சரியாக எண்ணிப் போடு.
தம்பி பிறந்த கோடையில் நீ வரவில்லை."

ஒன்பது.