ஆடியில் மண்டபம் காலி

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அதனால்
பாபநாசத்து மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைத்தது.
மூன்று நாள். பதினோரு பெண்கள், பதினோரு மிஷின்.
சமைக்கவே வேண்டாம், பார்சல் என்று
ஒரே குரலில் முடிவானது.
வேறெதிலும் நாங்கள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனதில்லை.

ஒரு மாதமாக வெட்டினேன்
நாலரை அங்குலச் சதுரம், முந்நூறு.
பழைய புடவையா என்று கேட்காதவர் இல்லை.
இல்லை.
வலங்கைமான் கடையில், மீட்டர் நூற்றெண்பது,
எவர் ஞாபகமும் ஒட்டாத புதுத்துணி.
"இந்த வெக்கையில யாருக்குப் போர்வை?"
ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு கேட்டார் வீட்டுக்காரர்.
நான் பாபின்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கத்தரி, சாக்குக்கட்டி, குண்டூசி டப்பா,
எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், முட்டிக்குத் தைலம்.
துண்டில் சுற்றி மடியில் வைத்த மிஷினைப் பார்த்து
பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்: "கிரைண்டரா?"
கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை,
லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார்.

மேடையில் ஆனி மாதத்துக் கடைசி ஜோடி
தெர்மாகோலில் நின்றது.
மாப்பிள்ளை முழுசாக இருந்தார்,
பெண்ணில் 'னி' மட்டும் மிச்சம்.
மணமகள் அறையில் ஐந்து பேர் படுத்தோம்.
மூவருக்கு மூட்டுவலி, ஒருத்திக்கு
போன வாரம்தான் விவாகரத்துத் தீர்ப்பு.
அவள்தான் நன்றாகத் தூங்கினாள். குறட்டையும் அவளுடையதுதான்.

பந்தி மேஜை மூன்றைச் சேர்த்துப் போட்டால்
போர்வை விரிக்க அளவெடுத்த மாதிரி இருக்கிறது.
இலைக்கடியில் விரிக்கும் பேப்பர் ரோலில்
நட்சத்திரம் வரைந்தார்கள் குத்தாலம் வடிவாம்பாளும்
அவள் நாத்தனாரும்.
என் கத்தரியால் யாரோ அந்தப் பேப்பரை வெட்டியிருந்தார்கள்.
யாரென்று தெரியும். சொல்லமாட்டேன்.
சாயங்காலம் வரை அவளிடம் பேசவில்லை.

மூன்று இஸ்திரிப்பெட்டி ஒன்றாகச் சூடேற
ஃபியூஸ் போயிற்று.
"மேளக்காரர் மைக்குக்கே முனகுற லைனும்மா"
என்றார் வாட்ச்மேன் உத்திராபதி.
செல்போன் வெளிச்சத்தில் கைத்தையல் போட்டோம்.
ஊசியில் நூல் கோக்க
பதினோரு பேருக்கும் சேர்த்து இரண்டு நல்ல கண்கள்.

கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவு எனக்கு,
மில்லிகிராம் தவறாமல் எழுதும் கை.
துணியில் பதினெட்டாவது வரிசை
ஒன்றேகால் அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது.
பிரித்துவிடலாமா என்றேன்.
நாகூர் மெஹருன்னிசா கன்னத்தில் கைவைத்துப் பார்த்தாள்.
"பிரிக்காதீங்க. ரெண்டு ரெண்டு வரிசைக்கு நடுவுல
ஒரு வரப்பு போடுங்க. கோணல் அதுல போயிடும்."

வரப்பு வைத்தால் நிலம் குறையும்,
எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை அப்படித்தான் நடந்தது.
துணியில் வரப்பு வைக்க வைக்க
போர்வை பெரிதாகிக்கொண்டே போனது.
நான் கொண்டுபோன பஞ்சு விரிப்பு போதவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம்
"குடமுருட்டியில தண்ணி வந்துடுச்சு" என்று
உத்திராபதி சைக்கிளை உள்ளே வரை ஓட்டிவந்தார்.
ரவிக்கையில் குத்திய ஊசியோடு
நாலு பேர் ஓடினார்கள்.
எனக்குத் தையல் பாதியில், மிஷின் பாதம் இறங்கியிருந்தது.
திரும்பி வந்தவர்களின் புடவை ஓரம்
கெண்டைக்கால் வரை நனைந்திருந்தது.
நுரையும் சருகும்தான் என்றார்கள்,
ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
யார் மிஷினும் ஓடவில்லை.

மூன்றாம் நாள் நாலு மணிக்குச் சாவி கொடுக்க வேண்டும்.
யாரும் முடிக்கவில்லை.
மடித்தேன். பைக்குள் அடங்கவில்லை,
தோளில் போட்டுக்கொண்டேன், வியர்த்தது.
வெளியே வரும்போது பார்த்தேன்:
ஃபியூஸ் பெட்டிக் கதவு ஆடாமலிருக்க
இடுக்கில் ஏதோ மடித்துச் செருகியிருக்கிறது,
மஞ்சளில் சிறு கறுப்புப் புள்ளி.
என் முந்நூறில் ஒன்று.
கேட்கலாமென்று வாயெடுத்தேன்.
பஸ் வந்துவிட்டது.