ஐநூற்றொன்று

பொன்மீன் ஒன்று செத்துப்போன தொட்டி அது.
கழுவிக் காயவைத்து
சீட்டுகள் போட்டு வைத்திருக்கிறோம்.
ஐநூறு.
எழுதியது நான்தான், நீல மையில்,
பனிப்புயலில் பஸ் ஓடாத ஒரு பிற்பகலில்.

இருநூற்றைம்பதில் "நன்று" என்று மட்டும்.
மீதியில் கம்பளிக் காலுறை, காபி அட்டை,
பஸ் பாஸ், பல்துலக்கி,
கொஞ்சம் பெரிதாய் ஒரு மழைக்கோட்டு.
ஒரே ஒன்றில் தொலைக்காட்சிப் பெட்டி.
மருந்து அலமாரிக்குப் பக்கத்தில்
இரண்டு வருடமாய் நிற்கிறது அது, பிளாஸ்டிக் கழற்றாமல்.
அதன் கறுப்புக் கண்ணாடியில்
வருகிறவர்கள் தலை சீவிக்கொள்கிறார்கள்.

ஹெராயின்காரர்களுக்குப் பக்கத்து ஜன்னல்:
மெத்தடோன், சின்னக் கோப்பையில், செர்ரிச் சிவப்பில்.
கொக்கெய்னுக்கு அப்படி ஒரு கோப்பையை
இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.
அதனால் இந்தத் தொட்டி.

சுத்தமான சிறுநீருக்கு ஒரு சீட்டு எடுக்கலாம்.
அடுத்த முறையும் சுத்தமென்றால் இரண்டு,
பிறகு மூன்று, நான்கு.
ஒரு முறை தவறினால்
மறுபடியும் ஒன்றிலிருந்து.

"லாட்டரிக் கடையா நடத்துகிறீர்கள்?
திருந்துவதற்குக் கூலியா?"
கிறிஸ்துமஸ் விருந்தில் கேட்டார் அக்கா கணவர்.
உருளைக்கிழங்கை அவர் பக்கம் தள்ளினேன்.
எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது.

அனக்லேட்டோ ஃபுர்ட்டாடோ.
நியூ பெட்ஃபோர்டு படகுகளில் ஸ்காலப் சிப்பி பிளந்தவன்.
கடலில் பத்து நாள்,
ஆறு மணி வேலை, ஆறு மணி ஓய்வு.
தூக்கத்தை மூக்கு வழியே விரட்டக் கற்றது அங்கேதான்.
இப்போது கரையில், ஐஸ் ஆலையில்.
விரல்களில் கத்தித் தழும்பு வரி வரியாய்.
தொட்டிக்குள் கை விடும்போது
கண்ணை மூடிக்கொள்வான்.

ஏழு வாரம். "நன்று", "நன்று",
நடுவில் ஒரு பல்துலக்கி, மறுபடி "நன்று".
ஒரு திங்கட்கிழமை,
"இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா?" என்றான்,
ஒன்றுக்கும் மாற்ற முடியாத அந்த ஒற்றைச் சொல்லை.
எடுத்துக்கொள் என்றேன்.
அவன் போனதும் வேறொன்று எழுதிப் போட்டேன்.
கணக்கு கணக்குதானே.

பிறகு மூன்று வாரம் அவன் நாற்காலி காலி.

மார்ச்சில் வந்தான்.
கதவைத் திறந்தபோது மூடுபனியும் கூடவே வந்தது.
குப்பியை நிரப்பித் தந்தான்.
பட்டையை நனைத்துவிட்டு நான் கடிகாரத்தைப் பார்க்க,
"காத்திருக்காதே" என்றான்,
"இரண்டாவது கோடு வராது."
வரவில்லை.

மேலங்கிக்குள்ளிருந்து
நான்காய் மடித்த சீட்டை எடுத்தான்.
என் நீல மை கசிந்திருந்தது.
"அன்றைக்குக் கொடுத்தது என் தம்பியுடையது.
அக்குளில் வைத்துச் சூடாகக் கொண்டுவந்தேன்.
மற்றதெல்லாம் என்னுடையதுதான்.
இது மட்டும் இல்லை."

இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது.
பச்சைத் தாள், மேசையின் இரண்டாவது இழுப்பறை.
திறந்தேன்.
மூடினேன்.
அவன் எழுந்து தொட்டிக்கு மேல் கையை நீட்டி
சீட்டைப் போட்டான்,
மீனுக்குத் தீனி போடுகிறவன் மாதிரி,
விரலைத் தேய்த்துத் தேய்த்து.

எடுக்க அவனுக்கு அன்று உரிமையில்லை.
போடக்கூடாதென்று விதியில் எங்கும் இல்லை.

வியாழனன்று வந்தான்.
இரண்டாவது கோடு மெலிசு,
விளக்கடியில் பிடித்தால்தான் தெரிந்தது.
மெலிசும் கோடுதான்.
ஒன்றிலிருந்து.
கண்ணை மூடி வெகுநேரம் துழாவினான்.
காலுறை. சாம்பல் நிறம்.
அங்கேயே பூட்ஸைக் கழற்றி
ஈரமான பழசைக் குப்பைக்கூடையில் எறிந்தான்.
அறை முழுக்கக் கடல் நாறியது.

வெள்ளிக்கிழமை தணிக்கைக்கு வந்த திருமதி ஹால்வர்சன்
மூக்கைச் சுளித்துக்கொண்டே கேட்டார்:
"சீட்டு சரியாக ஐநூறுதானே?"
"ஐநூறுதான்" என்றேன்.

அந்த வாரம் அந்த அறையில்
பொய் சொன்னது நான் ஒருத்திதான்.