விசேஷம் இல்லை

ஆறு குக்கிராமங்கள். ஒரு ஸ்கூட்டி.
நாகலூர் தாண்டினால் பாதி வழிக்கு சிக்னல் கிடையாது.
'உங்கள் கிராமக் காவலர்' என்று
என் பெயரும் செல் நம்பரும் போட்டு
இருநூறு ஸ்டிக்கர் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம்.
டீ வருவதற்கு முன் பதினேழு பேர்.
மிளகுத் திருட்டைப் பற்றிக் கேட்டேன்,
தெருவிளக்கைப் பற்றிச் சொன்னார்கள்.
சாராயத்தைப் பற்றிக் கேட்டேன்,
காட்டெருமையைப் பற்றிச் சொன்னார்கள்.
பெண்கள் பின்வரிசையில்
என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டிக்கர்கள் ரேஷன் கடை ஷட்டரில் ஏறின,
பைக் டேங்கில், காப்பிப் பழம் அரைக்கும் மிஷினில்.
ஒன்று அரிசி டிரம் மூடிக்கு உள்பக்கம்.
அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

முதல் மாதம் வந்த அழைப்புகள்:
கோழிக்கூண்டில் சாரைப்பாம்பு.
டிரான்ஸ்ஃபார்மரில் பொறி.
"மேடம், சேலம் பஸ் போயிருச்சுங்களா?"

ஆடியில் ஒரு ராத்திரி, ஒன்றேமுக்கால்.
எடுத்தேன். பேச்சில்லை.
தகர டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம்.
தொண்டை கம்மிய ஒரு நாய்.
பிறகு அதுவும் இல்லை.

அந்த நாயை எனக்குத் தெரியும்.
எஸ்டேட் முள்வேலியில் கழுத்து கிழிபட்டு
அன்றிலிருந்து அதன் குரைப்பு வெறும் இருமல்.
மேல்கோம்பை, கடைசி வீடு.

ஹெட்லைட்டை வாங்கி
என் முகத்திலேயே திருப்பி அடித்தது பனி.
ஒன்பது கிலோமீட்டர்,
காலால் தரையைத் தொட்டுத் தொட்டு.

கதவைத் திறந்தவள் பெயர் தனக்கொடி.
"கை பட்டுருச்சுங்க மேடம், ஒண்ணுமில்லீங்க."
உதட்டோரம் மஞ்சள் அப்பியிருந்தது.
பின்னால் நின்று அவன் கொட்டாவி விட்டான்,
பழகிய கொட்டாவி.
தண்ணீர் கேட்டேன். குடித்தேன்.
இன்னொரு சொம்பு கேட்டேன்.
புகார் இல்லாதவரை நான் அங்கே
வேளைகெட்ட வேளையில் வந்த விருந்தாளி.

விடிந்ததும்
ரேஷன் கடைச் சுவரில் தொங்கிய ரோந்துப் புத்தகத்தைத்
தகரப் பெட்டியோடு கழற்றி எடுத்துப் போய்
மேல்கோம்பை கடைசி வீட்டு வாசல் கம்பத்தில்
நாலு ஆணி அடித்தேன்.
சுத்தியல் கொடுத்தது அவன்தான்.

"பேங்க் இல்ல, ஏடிஎம் இல்ல, கோயில் இல்ல,
அங்க எதுக்கும்மா பாயிண்ட்?"
"திருட்டு நடக்கிற பாதை சார்" என்றேன்.
அது பொய்தானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அதிலிருந்து தினமும் அந்த வாசல்,
டார்ச், பேனா, இருமும் நாய்.
ஒருநாள் பத்தரை, ஒருநாள் மூன்று.
எப்போது வருவேன் என்று அவனுக்குத் தெரியாது,
சில நாள் எனக்கே தெரியாது.
நேரம். கையெழுத்து. குறிப்பு: விசேஷம் இல்லை.
விசேஷம் இல்லை.
விசேஷம் இல்லை.
இத்தனை பயந்து பயந்து
வேறெதையும் நான் எழுதியதில்லை.

உள்ளே ஒரு பல்பு எரியும்.
யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.
ஒருமுறை பெட்டிமேல்
வாழையிலை நறுக்கில் இரண்டு கமலா ஆரஞ்சு.
நன்றியா, லஞ்சமா, தெரியவில்லை.
நாலாவது வளைவில் வண்டியை நிறுத்தித் தின்றுவிட்டேன்.

வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா.
மூன்று நாள் பந்தோபஸ்து.
கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளை
மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டு
என் தொண்டையும் கம்மிப்போனது.

நாலாம் இரவு பெட்டியைத் திறந்தால்
நான் போடாத மூன்று வரிகள்
காலியாக இல்லை.
பென்சில் எழுத்து,
பிள்ளையின் பள்ளிக்கூடப் பென்சிலாக இருக்கும்.
எழுத்துக்கூட்டி, அழுத்தி,
தாள் மறுபக்கம் புடைக்க:

வரல.
வரல.
ராத்திரி 12.10. வரல. அடிச்சான்.

அதற்குக் கீழே நேரம் போட்டேன்.
கையெழுத்துப் போட்டேன்.
குறிப்புக் கட்டத்தில்
பழக்கத்தில் 'விசேஷம்' வரை எழுதிய கை
அங்கேயே நின்றது.

பெட்டியை மூடாமல்
கதவைத் தட்டினேன்.