எடைமேடை

நாற்பது கிலோ சிப்பம்.
அதற்கு மேல் ஒரு பிடி நெல் விழுந்தாலும்
என் தோள் சொல்லிவிடும்.
கொரடாச்சேரிப் பக்கம் கொள்முதல் நிலையத்தில்
பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கியதில்
எனக்கு வந்த ஒரே படிப்பு அது.

மூத்தவள் செம்மலர் எட்டாவது படிக்கையில்
பழைய தராசின் ஐந்து கிலோ படிக்கல்லைக்
கேட்டு வாங்கிப் போனாள்.
பிடி உடைந்தது, துரு ஏறியது,
எந்தப் பேரேட்டிலும் இல்லாதது.
தண்ணீர் வராத மே மாதத்து வெண்ணாற்று மணலில்
கழுத்துக்குழியில் அதைச் சாய்த்து வைத்து எறிவாள்.
எடுத்து வருவது தம்பியின் வேலை என்று ஒப்பந்தம்.
திலீபன் மூன்று தடவைக்கு மேல் அசைய மாட்டான்.
ஒருநாள் கடைசியாக எறிந்ததை
"நாளைக்கு எடுக்கலாம்" என்று விட்டுவிட்டான்.
விடிவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.
கல் இன்னும் ஆற்றுக்குள்தான் கிடக்கிறது.
"அன்னைக்கு எறிஞ்சதுதாம்ப்பா ரொம்பத் தூரம்" என்பாள்.
ஆற்றைத் தவிர சாட்சி இல்லை.

திருவாரூரில் மாவட்டப் போட்டி நடந்த அன்று
எனக்கு லாரி நின்றது.
குறுவை நெல். மேற்கே மேகம்.
முந்நூறு சிப்பம் ஏற்றியாக வேண்டும்.
பி.டி. டீச்சர் போன் பண்ணினார்:
"மூணாவது இடம் சார்,
பத்து மீட்டர் ஆறு சென்டிமீட்டர்."
யாரும் என்னைச் சார் என்று கூப்பிட்டதில்லை.
அதிலேயே கொஞ்ச நேரம் போய்விட்டது.

பிறகு எட்டு வைத்து அளந்தேன்.
அட்டியிலிருந்து லாரியின் பின்சக்கரம் வரை
பதினாலு எட்டு.
பொழுதுக்கும் மூட்டையோடு நான் போகிற தூரம்.
அதை ஒரே மூச்சில்
கால் படாமல் கடந்திருக்கிறாள்.
மிச்சமிருந்த ஆறு சென்டிமீட்டரை
மண்ணில் விரல் வைத்துப் பார்த்தேன்.
நாலு விரற்கடை கூட வராது.
ஆனாலும் சொல்லும்போதெல்லாம்
அதைச் சேர்த்தே சொன்னேன்.

திலீபன் பத்தாவதில் கணக்கில் விழுந்தவன்.
துணைத்தேர்வுக்கு முந்தின ஒரு மாசம்
ராத்திரிக் காவலுக்கு என்னோடு வந்து
நிலையத்து விளக்கடியில் படித்தான்.
படுதா போர்த்தும் போது கேட்டேன்,
"நீளம் ஏழு, அகலம் ஆறு, அடுக்கு பன்னிரண்டு.
அட்டியில எத்தனடா?"
கொசுவை அடித்துக்கொண்டே சொன்னான்,
"ஐந்நூத்தி நாலு."
காலையில் பட்டியல் எழுத்தர் சௌரிராஜன்
கால்குலேட்டரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.
தேர்வில் முப்பத்தெட்டு வந்தது.
முப்பத்தைந்துக்கு மேல் மூன்று.
அந்த மூன்றையும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

டீக்கடையில் "மூணாவதா?" என்றார்கள்.
"முப்பத்தெட்டா?" என்றார்கள்.
ஒரு கிலோ அசோகாவை நீட்டினேன்.
நெய் வழிய மென்றுகொண்டு
வேறு பேச்சுக்குப் போனார்கள்.

மறுநாள் மதியம் இரண்டு பேரும் சோறு கொண்டுவந்தார்கள்.
எடைமேடை காலியாக இருந்தது.
பதக்கத்தை வைத்தேன். சைபர்.
அவள் அம்மா யூரியாப் பையின் உள்தாளில்
சுற்றிக் கொடுத்த மார்க் ஷீட்டையும் வைத்தேன்.
அப்போதும் சைபர்.
"நூறு கிராமுக்குக் கீழ அதுக்குக் கண்ணு தெரியாதுய்யா"
என்றார் சௌரிராஜன்.
"அப்ப நீங்களே ஏறுங்க" என்றேன்.

அவள் ஏறினாள்.
எண் நிற்பதற்குள் அவனும் தாவி ஏறினான்.
இடம் பற்றாமல் அவள் தோளைப் பிடித்தான்,
காதில் என்னவோ சொன்னான்.
சிவப்பு எண்கள் தொண்ணூற்றெட்டு என்றன,
நூற்றொன்று என்றன, தொண்ணூற்றாறுக்கு இறங்கின.
"ஆடாம நில்லுங்க, எடை நிக்கணும்ல!"
சௌரிராஜன் நிஜமாகவே பேனாவைத் திறந்திருந்தார்.
அவள் மூச்சை அடக்கிப் பார்த்தாள்.
அவன் இடுப்பில் குத்தினான்.
வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.
காதில் விழாதவன் போல நான் நின்றிருந்தேன்.

எண் நிற்கவே இல்லை.