நான்கு மணிக்கு ஆள் வருகிறார்

பழையது எல்க்ஹார்ட்டில் செய்தது, நாற்பத்தெட்டில்.
புதியது தைவானிலிருந்து, போன மார்ச்சில்.
இரண்டையும் கட்டிலில் கிடத்தியிருக்கிறேன்.
ஏதாவது ஒன்று போனால்தான்
இந்தக் குளிர்காலம் ஹீட்டர் எரியும்.
கென்ட் நகரத்தில் எரிவாயு விலை அப்படி.

புதியதை ஊதினால்
டியூனரின் முள் நடுவில் நின்று
உத்தியோகம் பார்க்கிறது.
பழையதில் நடு டி எப்போதும் கொஞ்சம் ஏறித்தான் வரும்,
உதட்டால் கெஞ்சி இறக்க வேண்டும்.
ஜி ஷார்ப் மூடி மழைநாளில் ஒட்டிக்கொள்ளும்;
சிகரெட் தாளை நுழைத்து உருவுவேன்,
புகைக்காத நான்
அதற்கென்றே வாங்கிவைத்த தாள்.
கீழ் பி ஃப்ளாட்டுக்குச் சுண்டுவிரல்
துருப்பிடித்த கதவைத் தள்ளுகிற மாதிரி தள்ளும்.
மணிவாயில் செதுக்கிய பூவை
யாருடைய கால்சட்டையோ பாதி தின்றுவிட்டது.

மாற்றி மாற்றி வாசித்தேன்.
கீழ்வீட்டு வான்ஹெல்மோன்ட்
வழக்கம்போல் துடைப்பக்கட்டையால் இடிக்கவில்லை.
படியேறியே வந்துவிட்டார், வீட்டுச் செருப்போடு.
"கடைசியாக வாசித்தது பழையதுதானே?
அதை விற்காதே, லீஸ்பெத்."

கடைசியாக வாசித்தது புதியது.
பழையதன் மவுத்பீஸை
அதன் கழுத்தில் மாட்டியிருந்தேன், அவ்வளவுதான்.
சொல்லவில்லை. காபி கொடுத்தேன்.

வந்தவர் பழைய பெட்டியைத் திறந்து
நெடுநேரம் பார்த்தார். பணத்தை எண்ணினார்.
மவுத்பீஸ் இல்லையா?
இல்லை என்றேன்.

என் கோட்டுப் பையில் அது இன்னும் ஈரமாக இருந்தது.
கறுப்பு எபோனைட்டில் இரண்டு பல்தடங்கள்,
எனக்கு முன்னால் யாரோ கடித்தவை.
என் பற்கள் அவற்றில் சரியாக உட்காராது,
ஒரு நூல் இடப்பக்கம் தள்ளி.