மிச்சம் இருபத்திரண்டு

காந்தி ரோட்டில் என் கடை, ஆறடிக்கு எட்டடி.
பலகையில் தமிழ் சின்னதாக, வங்காளம் பெரிதாக.
எழுதிய பெயிண்டருக்கு அந்த எழுத்து தெரியாது,
ஏதோ ஒரு கொம்பை விட்டுவிட்டான்.
படிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே படியேறுகிறார்கள்,
அதனால் திருத்தவில்லை.

பிரணேஷ் நாத் சிரிக்கவில்லை.
"சில்சர். எவ்வளவு தூரம்?"

ஆகாய வழியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்.
சென்னையிலிருந்து கொல்கத்தா இரண்டு மணி இருபது நிமிஷம்,
அங்கிருந்து சில்சர் ஒன்றேகால்.
மூன்றரை மணி நேரம்தான் தாதா,
இடைவேளையோடு ஒரு சினிமா.
தினம் சொல்லிச் சொல்லி வாய்ப்பாடாகிவிட்டது.

அவர் லாட்ஜ் ரசீதைத் திருப்பி
பின்பக்கத்துக் கணக்கைக் காட்டினார்.
மினோதிக்கு டயாலிசிஸ் முடிவது செவ்வாய் காலை பத்து.
அடுத்தது வியாழன் காலை பத்துக்குள், சில்சரில்.
நடுவில் இருப்பதுதான் தூரம்.

மறுபடி கூட்டினோம்.
ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க அரை மணி.
அறையைக் காலி செய்ய ஒன்று.
வாலாஜா டோல், ஸ்ரீபெரும்புதூர் லாரிகள், மூன்றரை.
சக்கர நாற்காலி வந்து சேர, சோதனை முடிய, இரண்டு.
கொல்கத்தாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதினாலு.
இறங்கி ஊருக்குள் போக ஒன்று, மழை இல்லையென்றால்.
"மழை இருக்கும்" என்றார்.
பறப்பதையும் சேர்த்து இருபத்தாறு. மிச்சம் இருபத்திரண்டு.
அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார்,
பணம் எண்ணி முடித்தவர் மாதிரி.

அப்புறம் தண்ணீர்.
ஒரு நாளைக்கு அரை லிட்டர்,
மாத்திரை விழுங்குவதும் அதிலேதான்.
பிளேனில் தண்ணீர் நீட்டுவார்களா?
நீட்டுவார்கள்.
நீட்டக் கூடாது என்று எழுதிவைக்க முடியுமா?

தேடினேன்.
சைவம் இருக்கிறது. உப்பில்லாதது இருக்கிறது.
கைக்குழந்தைக்குத் தொட்டில்கூட இருக்கிறது.
இவளுக்குத் தண்ணீர் காட்டாதே என்பதற்குக் கட்டம் இல்லை.

ஜன்னல் சீட் மட்டும் அவளே கேட்டதாம்.
மேலிருந்து பராக் நதியைப் பார்க்க வேண்டும்,
கரை தெரியாமல் ஓடுமாம் இந்த மாசம்.
காட்பாடியிலிருந்து வந்த அன்று
பாலாற்றுப் பாலத்தின் மேல் ஆட்டோவில்
"நதி எங்கே, நதி எங்கே" என்று
இரண்டு தடவை கேட்டாளாம்.
டிரைவர் கை காட்டினாராம்,
மணலை.

புதன் காலை பத்தே முக்கால்.
என் போனில் ஒரு குட்டி மஞ்சள் விமானம்
சில்சர் வரை போய், இறங்காமல் வளைகிறது.
ஒரு வட்டம். இன்னொன்று.
மிச்சத்தில் கால் மணி போச்சு.
டீக்கடைப் பையன் கிளாஸை வைத்துவிட்டுப் போகிறான்,
எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை.
மூன்றாவது வட்டம்.
இடது பக்கம்தான் போட்டுக்கொடுத்தேன், பன்னிரண்டு ஏ.
இடது பக்கமாகத்தான் சாய்கிறது.
மேகம் விட்டிருந்தால்
மூன்று முறை பார்த்திருப்பாள்.

படியில் புதிதாக ஒருவர்,
பலகையைப் பார்த்த சிரிப்பு இன்னும் முகத்தில்.
டிப்ருகர், எவ்வளவு தூரம் என்கிறார்.
இருங்க, என்கிறேன்,
இன்னும் இறங்கல.